பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு: அநியாயம் எது, குற்றம் எது?

கேள்வி இது: 2009-ல் பிரிட்டனில் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு அம்பலமானபோது நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் அடிபட்டது. ஆனால் ஜெயிலுக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யார் மேல் வழக்குப் போடுவது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? நாடாளுமன்றச் சிறப்புரிமை அவர்களைக் காப்பாற்றாதது ஏன்? இப்போது அப்படிச் செய்தால் என்ன ஆகும்?

கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் இதை "பெரிய மீன்கள் தப்பின, சின்ன மீன்கள் மாட்டின" என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. எவ்வளவு பணம் வாங்கினார் என்பதை வைத்து அங்கே வழக்கு முடிவாகவில்லை. கொடுத்த காகிதத்தில் பொய் இருந்ததா, அது பொய் என்று தெரிந்தே கொடுத்தாரா, இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவானது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதலில் பணம் எப்படி வந்தது என்று பார்ப்போம். லண்டனுக்கு வெளியே தொகுதி வைத்திருக்கும் எம்.பி. இரண்டு இடத்தில் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும். அதற்காக 1971-ல் இரண்டாவது வீட்டுக்கான படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2008-09 வாக்கில் அது வருடத்துக்கு 24,000 பவுண்டு வரை போயிருந்தது. அப்போது எம்.பி.யின் சம்பளம் ஏறத்தாழ 64,000 பவுண்டு. சம்பளத்தை ஏற்றினால் மக்கள் கொதிப்பார்கள் என்று ஒவ்வொரு அரசும் பயந்தது. சம்பளத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, படியைத் தாராளமாக விட்டார்கள். "அது உனக்குச் சேர வேண்டிய பணம்தான், எடுத்துக்கொள்" என்ற எண்ணம் மெல்ல ஊறிப்போனது. 250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ரசீதே வேண்டாம் என்று ஒரு விதி பல வருடம் நடப்பில் இருந்தது. வாடகை, வீட்டுக் கடன் வட்டி, மேசை நாற்காலி, தோட்ட வேலை எல்லாம் அந்தப் படியில் அடங்கும். எந்த வீடு முதல் வீடு, எந்த வீடு இரண்டாவது என்று சொல்வதும் எம்.பி.யேதான். அதை மாற்றி மாற்றிச் சொல்லி இரண்டு வீட்டையும் அரசுச் செலவில் புதுப்பித்துக்கொண்டவர்கள் உண்டு.

இதெல்லாம் வெளியே வந்ததே பெரிய போராட்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அங்கே 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஹெதர் ப்ரூக் என்ற பத்திரிகையாளரும் வேறு இரண்டு நிருபர்களும் கணக்கைக் கேட்டார்கள். நாடாளுமன்றம் கொடுக்க மறுத்தது. 2007-ல் அந்தச் சட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கே விலக்கு கொடுக்க ஒரு தனிநபர் மசோதா வந்து, கீழவையில் நிறைவேறியும் விட்டது. மேலவையில் அதை எடுத்து நடத்த ஆள் கிடைக்காததால் செத்தது. 2008 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அதற்கப்புறமும் இழுத்தடித்தார்கள். கடைசியில் 2009 மே 8 முதல் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை, கசிந்த தகவல்களை நாள்தோறும் வெளியிட ஆரம்பித்தது. ஜூன் மாதம் நாடாளுமன்றமே அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. முகவரிகளை மறைத்துவிட்டதால், வீட்டை மாற்றி மாற்றிக் காட்டிய வித்தையை அந்தப் பக்கங்களை மட்டும் வைத்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. தனிநபர் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அது ஏற்கத்தக்கதாகப் படவில்லை.

அந்த மே மாதத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட இரண்டு விஷயங்கள்: எம்.பி. டக்ளஸ் ஹாக்கின் பட்டியலில் இருந்த, அவர் வீட்டு அகழியைத் தூர் வாரும் செலவு, 2,115 பவுண்டு; இன்னொரு எம்.பி. பீட்டர் விகர்ஸ் கேட்ட வாத்துக்கூண்டு, 1,645 பவுண்டு. இந்த இரண்டு பேர் மேலும் வழக்கு இல்லை. ஏன் என்றால் இரண்டிலுமே பொய் இல்லை. அகழி நிஜமாகவே இருந்தது. தன் வீட்டுச் செலவு இன்னின்ன என்று ஹாக் எழுதிக் கொடுத்தார். நாடாளுமன்றக் கட்டண அலுவலகம் அதைப் பார்த்து, அவருடன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. விகர்ஸ் வாத்துக்கூண்டுக்கு என்று பில் கொடுத்தார். அலுவலகம் அதற்குப் பணம் கொடுக்கவில்லை. கேட்டது அநியாயம். ஆனால் கேட்டதை மறைக்காமல் கேட்டார்கள். அடுத்து வந்த 2010 தேர்தலில் இரண்டு பேருமே நிற்கவில்லை. கிரிமினல் சட்டம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

இப்போது டேவிட் சேட்டரின் கணக்கைப் பாருங்கள். பரி நார்த் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. லண்டனில் ரீஜென்சி தெருவில் ஒரு ஃப்ளாட்டுக்கு மாதம் 1,175 பவுண்டு வாடகை என்று சொல்லி மொத்தம் 12,925 பவுண்டு வாங்கினார். வாடகை ஒப்பந்தம் இருந்தது, வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. ஆனால் அந்த ஃப்ளாட் அவருக்கே சொந்தம். வீட்டுக்காரர் என்று எழுதியிருந்தது அவருடைய மகளின் பெயர், அதுவும் குடும்பப் பெயரை விட்டுவிட்டு. பரியில் இன்னொரு வீட்டுக்கு வாடகை என்று 5,425 பவுண்டு வாங்கினார். அது அவருடைய தாயாரின் வீடு. இது போதாதென்று, கம்ப்யூட்டர் வேலைக்கு என்று 1,950 பவுண்டுக்குப் பொய் பில்கள் வேறு. இதில் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து ஒரு காகிதம் தயாரிக்க வேண்டும், அதில் இல்லாத ஒன்றை இருப்பதாக எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். மறதி என்றோ, விதி புரியவில்லை என்றோ இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. 2010 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2011 ஜனவரி 7 அன்று 18 மாதச் சிறை. இந்த விவகாரத்தில் முதலில் ஜெயிலுக்குப் போனவர் அவர்தான்.

அவர் மேல் போட்ட பிரிவு, 1968-ம் வருடத் திருட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு: பொய்க்கணக்கு. அதிகபட்சம் ஏழு வருடம். நேர்மையில்லாமல், தனக்கோ மற்றவருக்கோ ஆதாயம் தேடி, கணக்குக்கான ஆவணத்தைப் பொய்யாக்குவதோ, தவறான வழிக்குக் கொண்டுபோகும் தகவலைத் தெரிந்தே கொடுப்பதோ குற்றம். அரசுக்கு இவ்வளவு நஷ்டம் என்று காசுக் கணக்காக நிரூபிக்கத் தேவையில்லை. அந்தச் சமயத்தில் அரசு வழக்குத் தொடுப்பு இயக்குநராக இருந்தவர் கியர் ஸ்டார்மர், பிற்பாடு பிரதமரானவர். 2010 பிப்ரவரி 5 அன்று நாலு பேர் மேல் குற்றச்சாட்டு என்று அவர்தான் அறிவித்தார்: எம்.பி.க்கள் எலியட் மோர்லி, டேவிட் சேட்டர், ஜிம் டிவைன், மேலவையின் ஹானிங்ஃபீல்ட் பிரபு. பிற்பாடு எரிக் இல்ஸ்லி, டெய்லர் பிரபு, மார்கரெட் மோரன், டெனிஸ் மக்‌ஷேன் ஆகியோரும் சேர்ந்தார்கள்.

மற்றவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோர்லி முன்னாள் அமைச்சர். கட்டி முடித்துவிட்ட வீட்டுக் கடனுக்குத் தொடர்ந்து தவணை கேட்டார், மொத்தம் 30,000 பவுண்டுக்கு மேல், 16 மாதம். டிவைன் துப்புரவு வேலைக்கும் அச்சு வேலைக்கும் போலி பில் கொடுத்து 8,385 பவுண்டு. அவருக்கும் 16 மாதம். இல்ஸ்லி, உள்ளாட்சி வரி உள்ளிட்ட செலவுகளில் 14,000 பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் கேட்டார், 12 மாதம். மேலவையில் டெய்லர் பிரபு, லண்டனில் குடியிருந்துகொண்டே ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஒரு வீட்டைத் தன் முதன்மை வீடு என்று காட்டி 11,277 பவுண்டு, 12 மாதம். ஹானிங்ஃபீல்ட் பிரபு, லண்டனில் தங்காத இரவுகளுக்குத் தங்கும் படி வாங்கினார். உண்மையில் எஸெக்ஸில் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார். அப்படிக் கேட்ட ஓர் இரவில் அவர் இந்தியாவுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார் என்பதே விசாரணையில் வந்தது. 9 மாதம். மோரன் வழக்குதான் தொகையில் பெரியது, 53,000 பவுண்டுக்கு மேல். மனநிலை காரணமாக அவரால் வழக்கை எதிர்கொள்ள முடியாது என்று முடிவானதால், அவர் அந்தச் செயல்களைச் செய்தார் என்று மட்டும் ஜூரி சொன்னது. சிறை இல்லை, இரண்டு வருடக் கண்காணிப்பும் சிகிச்சையும்.

சரி, சிறப்புரிமைக்கு வருவோம். எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இதுதான்.

1689-ம் வருட உரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு, நாடாளுமன்றத்தில் நடக்கும் பேச்சையும் விவாதத்தையும் நடவடிக்கைகளையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. அது சும்மா வந்த பாதுகாப்பு இல்லை. முதலாம் சார்லஸ் மன்னரை எதிர்த்துச் சபையில் நின்ற ஜான் எலியட் 1629-ல் கைதாகி, 1632-ல் லண்டன் கோபுரச் சிறையிலேயே இறந்துபோனார். 1642-ல் அதே மன்னர் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்கப் படைவீரர்களோடு சபைக்கே வந்தார். மன்னருக்குப் பயப்படாமல் ஒருவர் எழுந்து பேச வேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை அது. அதைத்தான் மோர்லியும் சேட்டரும் டிவைனும் தங்கள் செலவுப் படிவங்களுக்குக் கேடயமாகப் பிடித்தார்கள். செலவைக் கேட்பது நாடாளுமன்ற வேலையின் ஒரு பகுதி, ஆகவே எங்களை விசாரிக்கும் உரிமை சபைக்கு மட்டும்தான், நீதிமன்றத்துக்கு இல்லை என்பது அவர்கள் வாதம்.

2010 ஜூனில் நீதிபதி சாண்டர்ஸ் அதை நிராகரித்தார். ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிராகரித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து ஒரே குரலில் மறுத்தார்கள். விரிவான காரணங்களை டிசம்பர் 1 அன்று வெளியிட்டார்கள். சொன்னது சாராம்சத்தில் இதுதான்: சிறப்புரிமை சபையின் மையமான வேலையைக் காக்க இருக்கிறது, அதாவது பேச்சு, விவாதம், சட்டமியற்றல். செலவுப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பது அந்த மையத்தைத் தொடவே இல்லை. அதை நீதிமன்றம் விசாரித்தால் எந்த எம்.பி.யின் பேச்சுரிமைக்கும் பங்கம் வராது. சபை வளாகத்துக்குள் நடந்தது என்பதற்காகவே ஒரு சாதாரணக் குற்றம் சட்டத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. சபையும் இந்த வழக்குகளில் அந்த உரிமையைக் கோரவில்லை. இந்தக் காரணங்கள் வெளியான இரண்டே நாளில் சேட்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதற்காகச் சிறப்புரிமை முழுக்க ஒதுங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மக்‌ஷேன் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தின் பெயரில் 19 போலி பில் கொடுத்து 12,900 பவுண்டு வாங்கியவர். அந்த பில்களைப் பற்றி நாடாளுமன்ற ஒழுங்கு ஆணையருக்கு அவரே கடிதங்கள் எழுதியிருந்தார். ஆணையரின் விசாரணை சபை நடவடிக்கையாகக் கருதப்படுவதால், போலீஸ் அந்தக் கடிதங்களைச் சாட்சியமாக வைக்க முடியவில்லை. வேறு ஆதாரம் சேர்த்து வழக்கை நிறுத்தக் காலம் பிடித்தது. 2013 டிசம்பரில்தான் ஆறு மாதத் தண்டனை வந்தது. ஹானிங்ஃபீல்ட் பிரபு இன்னொரு உதாரணம். தண்டனை முடிந்து 2012-ல் அவர் மேலவைக்கே திரும்பினார். அப்போதைய சட்டத்தில் அவரை நிரந்தரமாக வெளியேற்ற வழி இல்லை. 300 பவுண்டு தினப்படிக்காக, கொஞ்ச நேரம் மட்டும் சபைக்கு வந்துவிட்டுப் போகிறார் என்று 2013-ல் மறுபடி புகார் வந்து, மறுபடி வழக்கு. 2016-ல் அது விசாரணைக்கு வந்தபோது, எது "நாடாளுமன்ற வேலை" என்று முடிவு செய்வது எங்கள் உரிமை என்று மேலவை குறுக்கே வந்தது. வழக்கு அத்தோடு கைவிடப்பட்டது. ஒரே மனிதர், இரண்டு வழக்குமே படி பற்றியது. முதல் வழக்கில் கேள்வி "இரவு எங்கே தூங்கினீர்?" என்பது, அதற்கு நீதிமன்றம் பதில் தேடலாம். இரண்டாவதில் கேள்வி "செய்தது வேலையா?" என்பது, அதற்குள் நீதிமன்றம் போக முடியவில்லை. முதல் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு. இரண்டாவது முடிவு இன்றும் உறுத்துகிறது. வேலை என்பதற்கு வரையறையே சொல்லாமல் வேலைக்குக் காசு கொடுக்கும் சபை, அந்தக் காசுக்கு யாருக்குமே பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

இனி, ஏன் இவ்வளவு குறைவான பேர்? ஐந்து எம்.பி.க்கள், இரண்டு பிரபுக்கள், சிறைக்குப் போனவர்கள் அவ்வளவுதான். சர் தாமஸ் லெக் நடத்திய தணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட எம்.பி.க்கள் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று வந்தது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு சுமார் 11 லட்சம் பவுண்டு. திருப்பிக் கட்டியதே குற்றத்துக்கு ஆதாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விதி தளர்வாக இருந்தது, அலுவலகம் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டது, இந்த நிலையில் "நேர்மையில்லாமல் செய்தார்" என்று ஜூரியின் முன் சந்தேகமில்லாமல் நிரூபிப்பது கடினம். விதி எவ்வளவு குழப்பமோ, அவ்வளவுக்குக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு லாபம்.

இதற்கு ஓர் உதாரணம் போதும். உத்தின் சீமாட்டி என்ற மேலவை உறுப்பினரின் முதன்மை வீடு எது என்ற கேள்வி எழுந்தது. மாதம் ஒருமுறை போய் வந்தாலே ஒரு வீட்டை முதன்மை வீடு என்று சொல்லலாம் என்று மேலவை நிர்வாகம் விதிக்குப் பொருள் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் வழக்குப் போட முடியாது என்று 2010 மார்ச்சில் ஸ்டார்மர் அறிவித்தார். மேலவையே அவரை நீண்ட காலம் இடைநீக்கம் செய்து, 1,25,349 பவுண்டு திருப்பிக் கேட்டது. டெய்லர் பிரபு ஜெயிலுக்குப் போனது இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொகைக்கு. ஆனால் அவர் காட்டிய ஆக்ஸ்ஃபோர்டு வீடு அவருடையதே இல்லை, அங்கே ஒரு ராத்திரி கூடத் தங்கியதில்லை. தொகையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது அக்கிரமமாகத் தெரியும். எனக்கும் படித்தபோது ரத்தம் கொதித்தது. ஆனாலும் தெளிவில்லாத விதியை மீறினார் என்று ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பழி போக வேண்டியது அந்த விதியை எழுதி, அப்படியே விட்டு வைத்தவர்களுக்கு.

இப்போதைய நிலைமை. 2009 ஜூலையிலேயே அவசர அவசரமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றி, செலவுக் கணக்கைச் சபையின் கையிலிருந்து எடுத்து ஐப்சா என்ற சுயேச்சை ஆணையத்திடம் கொடுத்தார்கள். 2010 மே முதல் அது நடக்கிறது. கணக்குகளை அதுவே தொடர்ந்து வெளியிடுகிறது. இந்தப் பிடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதற்கு ஜேரட் ஓமாரா வழக்கு சாட்சி. ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதியின் எம்.பி.யாக இருந்த அவர் 2019-ல், இல்லாத ஓர் ஆட்டிசம் அமைப்பின் பெயரில் போலி பில் கொடுத்தார். அதோடு சேர்த்து அவர் கறக்கப் பார்த்த தொகை சுமார் 52,000 பவுண்டு. ஐப்சா சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்திவிட்டது. ஒரு காசும் போகவில்லை. இருந்தும் 2023 பிப்ரவரியில் மோசடிக் குற்றத்துக்கு நாலு வருடச் சிறை. 2009 விவகாரத்தில் யாருக்குமே இவ்வளவு தண்டனை கிடையாது.

அதே 2009 சட்டத்தின் 10-வது பிரிவு, செலவுப் பணம் கேட்கும்போது பொய்த் தகவல் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. அதில் தண்டனை பெற்ற முதல் எம்.பி. கிறிஸ் டேவிஸ், வேல்ஸில் பிரெக்கன்-ராட்னர்ஷையர் தொகுதி, கன்சர்வேடிவ் கட்சி. அவர் அலுவலகத்துக்கு ஒன்பது புகைப்படங்கள் வாங்கினார். விலை 700 பவுண்டு. படங்கள் நிஜம், செலவும் நிஜம், கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் ஒரு கணக்குத் தலைப்பில் போதிய பணம் மிச்சமில்லை. இரண்டு தலைப்பில் பிரித்துப் போடலாம் என்று 450-க்கு ஒன்று, 250-க்கு ஒன்று என இரண்டு பொய் பில் தயாரித்தார். ஐப்சாவிடம் கேட்டிருந்தால் பெரும்பாலும் வழி சொல்லியிருப்பார்கள். 2019 ஏப்ரலில் அவருக்கு 1,500 பவுண்டு அபராதமும் 50 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார்கள்.

சிறை இல்லையே, தப்பித்துவிட்டார் என்று தோன்றலாம். 2015-ல் வந்த திரும்ப அழைக்கும் சட்டம் அங்கேதான் வேலை செய்தது. பொதுவாக ஓர் எம்.பி. சிறைத் தண்டனை பெற்றாலோ, சபை அவரைக் குறிப்பிட்ட நாட்களுக்கு இடைநீக்கம் செய்தாலோதான் தொகுதி மக்கள் அவரைத் திரும்ப அழைக்க மனுவில் கையெழுத்திடலாம். இந்த 10-வது பிரிவுக்கு மட்டும் எந்தத் தண்டனையானாலும் போதும், அபராதம் கூட. ஆறு வாரத்துக்குள் பத்து சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் பதவி காலி. டேவிஸின் தொகுதியில் 10,005 பேர் போட்டார்கள், ஏறக்குறைய 19 சதவீதம். கட்சி அவரையே மறுபடி வேட்பாளராக நிறுத்தியது. 2019 ஆகஸ்ட் 1-ல் நடந்த இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் ஜேன் டாட்ஸிடம் 1,425 ஓட்டு வித்தியாசத்தில் அவர் தோற்றார்.